கில்மன் தெரு, எட்டாம் தெரு முனை

கலிபோர்னியாவின் வடக்கு பெர்க்லி ரயில் நிலையத்தில் இறங்கி, பட்டறைகளும் கிடங்குகளுமாக இருக்கும் மேற்குப் பக்கம் நடந்தால் 924 கில்மன் தெரு வரும். பிரம்பு நாற்காலி பின்னும் கடைக்கு அடுத்த கதவு. 1986 டிசம்பர் 31 இரவு முதல் கச்சேரி நடந்த பங்க் இசைக்கூடம். 'மாக்ஸிமம் ராக்அன்ட்ரோல்' பத்திரிகையின் டிம் யோஹானனும் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து, குழாய் வேலை வரைக்கும் தாங்களே பார்த்து உண்டாக்கியது.

1990களின் தொடக்கத்தில் சனிக்கிழமை ஆனால் அங்கேதான் இருப்பேன். 2 டாலருக்கு உறுப்பினர் அட்டை. சுவரில் விதிகள்: மது, போதை, அடிதடி, இனவெறி எதுவும் ஆகாது. சுவர் முழுக்கக் கிறுக்கல், ஒரு பக்கம் கூடைப்பந்து வளையம்.

ஹார்ட்கோர் பங்க் என்றால் ஒன்றரை நிமிடத்தில் ஓடி முடியும் பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து ஓக்லண்டின் நியூரோசிஸ் குழுவினரும் 1987இல் வந்த 'பெயின் ஆஃப் மைண்ட்' தொகுப்பில் அப்படித்தான் ஓடினார்கள். கில்மனில் நான் பார்க்கும்போது ஆள் மாறிவிட்டிருந்தார்கள். கிடாரின் சுருதியை இறக்கி, ஒரே பிடியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் திரையில் படங்கள் ஓடின. ஒருவர் கீபோர்டிலிருந்து பதிவுசெய்த குரல்களையும் இரைச்சலையும் அவிழ்த்துவிட்டார். பேஸ் கிடாரின் அதிர்வு காதுக்கு வருமுன் பாதத்தில் ஏறியது. கடைசியில் கிடார்களைக் கீழே வைத்துவிட்டு ஆளுக்கொரு முரசை இழுத்துப்போட்டு அடித்தார்கள். முன்வரிசையில் மோதிக் குதித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. எரிச்சலில் வெளியே போனவர்களும் உண்டு. 1992இல் வந்த 'சோல்ஸ் அட் ஜீரோ'வில் செல்லோவும் புல்லாங்குழலும்கூட உண்டு என்றால் பழைய ரசிகர்களின் கோபம் புரியும்.

இதற்கெல்லாம் அந்த மதுவிலக்குதான் காரணம் என்பது என் கட்சி. மதுக்கூடத்தில் வாசித்தால் பீர் விற்கிற மாதிரி வாசிக்க வேண்டும். இருபது நிமிடம் முரசு மட்டும் அடித்தால் முதலாளி மறுமுறை கூப்பிடமாட்டார். கில்மனில் விற்க எதுவும் இல்லை (சோடாவைச் சொல்லலாம்). கேட்பவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள், இசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்னும் முடிவுகட்டாதவர்கள்.

பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மேடை கிடையாது என்ற விதியும் இருந்தது. அங்கேயே வளர்ந்த கிரீன் டே குழுவுக்கும் கதவு அடைபட்டது. எனக்கு அது வறட்டுப் பிடிவாதமாகத்தான் பட்டது. 2015இல் ஒரு நிதிதிரட்டும் கச்சேரிக்காக அவர்களையே மறுபடி மேடையேற்றினார்கள்.