புது பேட்டரி போட்ட பிறகும்

புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் தெருக்களை ஒட்டி, ஒயரிங் வேலை மட்டும் பார்க்கும் சிறு கடை அது. இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் மெக்கானிக்குகள்கூட ஒயரிங் என்றால் இப்படியொரு ஆளிடம் அனுப்பிவிடுகிறார்கள். “மழை விட்டதும் வாங்க சார், அப்பதான் கூட்டம்” என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால், நவம்பர் மழை ஓய்ந்த ஒரு காலையில் போய் உட்கார்ந்தேன்.

செல்ஃப் எடுக்கவில்லை என்று வண்டி வந்தால் அவர் முதலில் எந்தக் கருவியையும் தொடுவதில்லை. பட்டனை அழுத்திவிட்டுக் காது கொடுக்கிறார். ‘டகடக’வென்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரி டவுன்: ரிலே இழுக்கிறது, மோட்டார் கரண்டைக் குடித்ததும் வோல்டேஜ் விழுந்து ரிலே விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ என்றால் கோளாறு அநேகமாக ரிலேயின் காயிலில் இல்லை. தடித்த ஒயர்கள் போகும் பாதையில். சத்தமே இல்லையென்றால் பியூஸ், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகப் போகவேண்டும். அதற்கும் முன்னால் சிவப்பு கில் சுவிட்ச். பார்க்கிங்கில் யாரோ தட்டிவிட்டுப் போனது தெரியாமல் வண்டியை வேர்க்க வேர்க்கத் தள்ளி வருபவர்கள் உண்டாம்.

முன்பெல்லாம் ஹெட்லைட்டைப் போட்டுப் பட்டனை அழுத்தினால், வெளிச்சம் மங்குவதை வைத்தே பாதி சொல்லிவிடுவார்களாம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டுக்குத் தனி சுவிட்ச் கிடையாது. பலவற்றில் இன்ஜின் ஓடினால்தான் எரியும். அதனால் இப்போது பிரேக்கைப் பிடித்துப் பின்விளக்கைப் பார்க்கிறார்.

பதினொரு மணி வாக்கில் சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரு தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். “போன வாரம்தாண்ணே வேற கடையில புது பேட்டரி போட்டேன்.” பட்டனை அழுத்தினால் ஒரே ‘டக்’.

பேட்டரியில் மீட்டரை வைத்தார்: 12.7. “சும்மா இருக்கும்போது காட்டுற நம்பரை நம்பாதீங்க சார்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, உதவிக்கு நின்ற பையனை அழுத்தச் சொன்னார். 12.4. பத்துக்குக் கீழே சரிந்திருந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். மோட்டார் சுற்றும்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் இப்படி அசையாமல் நின்றால் கரண்ட் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம்.

அடுத்து ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில். இரண்டும் எர்த்தான், பட்டனை அழுத்தினாலும் மீட்டர் சைபரை ஒட்டியே நிற்கவேண்டும். ஒன்பதைத் தாண்டியது.

“அண்ணே, கன்டினியூட்டி பார்த்தேனே, பீப் அடிச்சுதே” என்றான் பையன்.

“ஒத்தை இழை இருந்தாலும் பீப் அடிக்கும்டா. லோடு குடுத்துப் பாரு.”

இந்தத் தொழிலின் சூட்சுமமே அந்த ஒரு பதிலில் இருப்பதாக எனக்குப் பட்டது. எர்த் போல்ட்டைக் கழற்றினார். ஒயர் முனையில் இருக்கும் லக்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ரப்பர் உறையைக் கீறியதும் உள்ளே செம்பு கறுத்து, தொட்டாலே உதிர்ந்தது. நாலைந்து இழைகள்தான் மிச்சம். நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது லக்கை அழுத்திப் பிடித்து, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினார். முதல் அழுத்திலேயே வண்டி எடுத்தது.

இருநூறு ரூபாய் கேட்டார். “ஒரு போல்ட்டைக் கழட்டி மாட்டுனதுக்கா அண்ணே?” என்று இழுத்தார் தம்பி. நூற்றைம்பதில் முடிந்தது. பேட்டரிக்குப் பேரம் பேசாமல் கொடுத்தவர்தான். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. காலை நேர ஆர்டர்கள் போயே போய்விட்டன. ஆனால் பாகத்துக்குத்தான் காசு, கோளாறைக் கண்டுபிடித்ததற்கு இல்லை என்றால், எந்தக் கடைக்காரர் மீட்டரை எடுப்பார்? பேட்டரியைத்தான் எடுப்பார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் கடைக்காரர் சிரித்தார். “லக் ஒண்ணு, ஒயர் அரை அடின்னு சீட்டுல எழுதிக் குடுத்திருந்தா பேசாம குடுத்துட்டுப் போயிருப்பாரு சார்.”