தகரத்துக்கு மேலே கிடுகு

2010இல் மீள்குடியேறி வன்னிக்கு வந்தபோது எங்கள் கொட்டிலுக்குத் தகரம் தந்தார்கள். ஒழுகவில்லை; அது பெரிய உதவிதான். ஆனால் மத்தியானத்தில் உள்ளே இருக்கேலாது. மழையென்றால் இன்னும் மோசம். தகரத்தில் விழும் சத்தத்துக்கு மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள், ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை.

அம்மா தென்னோலைகளை மட்டையோடு இரண்டாகக் கிழித்துக் குளத்தில் ஊறப்போட்டார். ஊறினால்தான் பின்னும்போது ஓலை முறியாது. இருவருமாகப் பின்னி முடித்தோம். கூரையேறி வேய்வது ஆண்களின் வேலை என்பார்கள். கூலிக்குக் காசில்லை, நானே ஏறினேன். ஊர் கதைத்தது, கதைக்கட்டும்! தாழ்வாரத்திலிருந்து முகடுவரை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வரிந்து கட்டினேன். வெக்கை தணிந்தது. மழைச் சத்தமும் அடங்கியது.

ஓரிரு வருடத்தில் கிடுகு உக்கிவிடும். நல்லதை வேலிக்கு எடுத்து, உக்கியதைத் தென்னையடியில் தாட்டோம்.