ஐஸ் பெட்டிக்கு ஒரு பைப்

மகன் கட்டாரிலிருந்து வந்தபோது வாங்கித் தந்த பிரிட்ஜ் அது. கதவிலேயே தண்ணீர் வரும். உள்ளே தானாகவே ஐஸ் கட்டி விழும். பைப்பைப் பொருத்திவிட்டால் போதும் என்றான். பதுளை, நுவரெலியா மாதிரிக் குளிர் ஊரல்லவே. கடல் மட்டத்திலிருந்து 680 மீற்றர் உயரம்தான். நோன்பு காலத்தில் சர்பத்துக்கு ஐஸ் கேட்டு அயல்வீட்டுப் பிள்ளைகள் கோப்பையோடு வருவார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

இரண்டு சீட்டு எடுத்த பணத்தில் அப்போதுதான் குசினியைத் திருத்திக் கொண்டிருந்தோம். பிரிட்ஜின் அகலம், உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் அளந்து பார்த்தேன். தண்ணீரைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு வருகிற பைப்பிலிருந்து ஒரு கிளை எடுத்தால் போதாதா என்று கேட்டேன். பைப் வேலை செய்த பாஸும் தலையாட்டினார். பைப்பைச் சுவருக்குள் புதைத்து மேலே டைல்ஸும் ஒட்டியாயிற்று.

முதல் வாரம் ஐஸ் வந்தது. ஆனால் நடுவில் பொந்து விழுந்த, சூம்பிப்போன ஐஸ். கதவுக் குழாயில் ஒரு கிளாஸ் நிரம்புவதற்குள் தேநீரே ஆற்றிவிடலாம். பிறகு ஒரு நாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் ஐஸ் தட்டு ஒரே பாறை. வழிந்த தண்ணீர் இறைச்சிப் பைகளோடு சேர்ந்து உறைந்து கிடந்தது. பிரிட்ஜ் பழுது என்று நான் மகனுக்குப் போன் பண்ணப் போனேன்.

மாமிதான் தடுத்தார். அவர் பசறைப் பக்கம் தோட்டத்துக் கடையொன்றில் வளர்ந்தவர்.

"மேல் லயத்துப் பீலி நூல் மாதிரி ஒழுகும். கீழ் லயத்துப் பீலியில குடம் வெச்சா குடத்தையே தட்டிவிடும். ஊத்து ஒண்ணுதான், மகள். ஒங்கட தாங்கி எவ்வளவு ஒசரத்தில ஈக்கி?"

அதற்குப் பிறகுதான் பிரிட்ஜோடு வந்த புத்தகத்தை எடுத்து ஒழுங்காக வாசித்தேன். தண்ணீரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தலுக்குக் குறையக் கூடாது என்று இருந்தது. ஓரடி உயரத்தில் நிற்கும் தண்ணீர் தருவது 0.43 இறாத்தல். எங்கள் கூரைத் தாங்கி பிரிட்ஜுக்கு மேலே 12 அடி. ஆக, ஐந்து இறாத்தல் சொச்சம். 20 வேண்டுமென்றால் 46 அடி உயரத்தில் தாங்கியை வைக்க வேண்டும். பள்ளி மினாராவில்தான் இடம் கேட்க வேண்டியிருக்கும்! உள்ளே இருக்கும் மின் வால்வு சரியாக மூடிக் கொள்வதற்கும் தண்ணீரின் தள்ளுகை வேண்டுமாம். தள்ளுகை போதாவிட்டால் மூடிய பிறகும் சொட்டிக் கொண்டிருக்கும். அந்தப் பாறை வந்த வழி அதுதான்.

எங்கள் வீடு பாதைக்குக் கீழே சரிவில் இருக்கிறது. பாதைக் குழாயிலிருந்து நேராக வரும் தண்ணீருக்கு நல்ல வேகம். ஊர் உறங்கும் நேரத்தில் அதைவிட வேகம். ஆகவே நீர்மானியைத் தாண்டியதும், தாங்கிக்கு ஏறுமுன்னே, பிரிட்ஜுக்கென்று தனி லைன் எடுத்தோம். அளவுக்கு மிஞ்சிய வேகம் மெல்லிய குழாயைக் கழற்றிவிடும் என்பதால் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று. மழைக்காலத்துக் கலங்கலுக்கு ஒரு வடிகட்டி. மேட்டில் வீடுள்ள சகோதரிகளுக்கு இது சரிவராது. தாங்கியிலிருந்து சிறிய மோட்டார்தான் வழி.

பூட்டுக் குழாயைப் பிரிட்ஜுக்குப் பின்னால் மட்டும் வைக்க விடாதீர்கள். குழாய் கழன்று தண்ணீர் பீறிடும்போது அந்தப் பாரத்தை யார் இழுப்பது? பக்கத்துக் கபேட்டுக்குள், கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். பின்னால் போகும் கால் அங்குலக் குழாயைச் சில அடி நீளமாக விட்டுச் சுருட்டி வைத்தால், கூட்டித் துடைக்கப் பிரிட்ஜை முன்னுக்கு இழுக்கலாம். புதிதாகப் பொருத்தியதும் முதலில் வரும் தண்ணீரையும் ஐஸையும் ஊற்றிவிட வேண்டும்.

இதற்காக நான்கு டைல்ஸ் உடைத்தோம். அதே நிறம் பதுளைக் கடைகளில் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அந்த இடம் வெளிறித் தெரிகிறது. விருந்தாளிகள் வந்தால் நான் அதற்கு முன்னால் நின்று கொள்வேன்.

பாதைத் தண்ணீர் இவ்வளவு வேகமாக வருகிறதே, தாங்கி எதற்கு என்று மகன் கேட்டான். மாமி சம்மதிக்கவில்லை. 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாயத் தொடங்கி, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றியதை அவர் மறக்கவில்லை. காலங்காலமாகத் தண்ணீர் கண்ட வீடுகள் வெறும் வாளியோடு நின்றன. தாங்கி கூரையிலேயே இருக்கிறது. பைப்பில் தண்ணீர் நின்ற நாளில் ஐஸ் இல்லை, அவ்வளவுதான். சோறு ஆக்கத் தண்ணீர் இருக்கும்.

இப்போது ஐஸ் கட்டி முழுசாக விழுகிறது. பிள்ளைகள் கோப்பையோடு வருகிறார்கள். மாமி மட்டும் அந்தக் கதவுப் பக்கம் போவதில்லை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைத் தன் மண் கூசாவில் ஊற்றி, ஜன்னலோரம் மூடி வைத்திருக்கிறார்.