கண்ணை நம்பி வாங்கிய விளக்கு

என் முதல் விளக்கை, கடையில் கண் கூசியது என்பதற்காகவே வாங்கினேன். இவ்வளவு பளிச்சென்று எரிந்தால் பவளம் கிடுகிடுவென வளரும் என்று கணக்கு. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இருந்தது 45 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. அதன் மேல் தொங்கவிட்டதோ 90 வாட் எல்இடி. பத்தே நாளில் காளான் பவளம் சுருங்கி, ஓரமெல்லாம் வெளுத்தது. தண்ணீரை மாற்றினேன், உப்பை அளந்தேன், வெப்பத்தைப் பார்த்தேன். விளக்கின் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை.

பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் ஆக்கும் சர்க்கரைதான் அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு. வெளிச்சமோ வெப்பமோ மிஞ்சினால் பாசியின் ஒளிச்சேர்க்கை தடம் புரளும். பவளம் அதை வெளியேற்றிவிடும். நிறமும் அதோடு போய்விடும்.

தெரிந்த அண்ணன் ஒருவர், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் தன் பார் (PAR) மீட்டரை இரவல் தந்தார். பெயர்தான் பார், அது பார்ப்பது வேறு, நாம் பார்ப்பது வேறு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மை. பாசிக்கு அதிகம் பிடிப்பது 400 முதல் 480 வரையிலான நீலம். கடலிலும் சிவப்பு முதல் சில மீட்டரிலேயே அடங்கிவிட, நீலம்தான் ஆழம் வரை இறங்குகிறது. நமக்கு மங்கலாகத் தெரியும் நீல விளக்கில் பவளத்துக்கு வயிறு நிறைந்துவிடும்.

மீட்டரின் உணரியைத் தண்ணீருக்குள் விட்டேன். பாறை உச்சியில் பார் அளவு 380. ஒரு சாண் தள்ளி, மூலையில் 50. அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்துக்கு 250க்கு மேல் வேண்டும்; காளானுக்கு 50 முதல் 100 வரை போதும். உச்சியில் நான் உட்கார வைத்திருந்தது காளானை! மணலோரம் இறக்கினேன். பழைய பழுப்பு திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று.

அடுத்த விளக்கு 30 வாட். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, லென்ஸ் ஒளியைப் பரப்புகிறதா அல்லது நடுவில் வெயிலும் ஓரத்தில் இருட்டுமாக விடுகிறதா, உப்புத் தெறிப்பைத் தாங்குமா என்றெல்லாம் கேட்டுத்தான் வாங்கினேன். தண்ணீருக்கு 25 செ.மீ. மேலே மாட்டி, 30 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 சதவீதமாக ஏற்றினேன். நாளைக்கு எட்டு மணி நேரம் எரிகிறது.

சில மாதம் முன்பு பாறையின் நிழல் பக்கம் பவளத்தின் உறவான ஜோவாந்திட்கள், வெளிச்சம் தேடும் சன்னலோரச் செடி போலக் காம்பை நீட்டத் தொடங்கின. ஒளியைக் கூட்ட என் கை, விளக்கின் பொத்தானுக்குத்தான் போனது. கையை இழுத்துக்கொண்டு, கல்லை இரண்டு விரற்கடை நகர்த்தினேன். புதிதாக முளைத்தவை இப்போது குட்டையாக, முகம் விரித்து நிற்கின்றன.