அப்பத்தாவின் தோலும் ஒரு கடற்பஞ்சும்

பி.காம் படிக்கிறவனுக்கு செல்லும் திசுவும் எதுக்குடான்னு கேட்பீங்க. நியாயம்தான். பத்தாவதோட உயிரியலுக்குப் பெரிய கும்பிடு போட்டவன் நான். ஆனா போன வருஷம் எங்க அப்பத்தா என்னைத் திரும்ப அந்தப் பாடத்துல உட்கார வெச்சுடுச்சு.

முதல்ல வாய்ப்புண். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மெடிக்கல்ல நானே வாங்கிக் குடுத்த பி-காம்ப்ளக்ஸ்னு மூணு மாசம் ஓடுச்சு. "எரியுதுடா ராசா"ன்னு தட்டைத் தள்ளும்போதெல்லாம், "சும்மா அடம் பிடிக்காத"ன்னு திட்டியிருக்கேன். அப்புறம் முதுகுல கொப்புளம். அம்மைன்னு தெருவே தீர்ப்பு சொல்லி வேப்பிலையில படுக்க வெச்சாங்க. உடைஞ்ச கொப்புளம் எதுவும் ஆறலை. ஒருநாள் விரிப்பை எடுத்தப்போ தோலும் கூடவே வந்துச்சு. அன்னிக்குத்தான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, கொப்புளமே இல்லாத இடத்துல கட்டைவிரலை வெச்சு லேசா அழுத்தித் தேய்ச்சாங்க. மேல்தோல் அப்படியே வழுக்கிக்கிட்டு நகர்ந்துச்சு. நான் வெளிய போயிட்டேன். பயாப்ஸி முடிவு வந்ததும் பேர் சொன்னாங்க: பெம்ஃபிகஸ் வல்காரிஸ்.

அன்னிக்கு ராத்திரியே படிக்க ஆரம்பிச்சேன். செல்லுங்க செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும், நடுவுல சிமெண்ட் மாதிரி ஏதோ இருக்கும்னுதான் அதுவரைக்கும் நினைப்பு. அப்படி இல்லையாம். ஒவ்வொரு செல்லும் தன் உடம்புலேருந்து கையை நீட்டி பக்கத்து செல்லோட கையைப் பிடிச்சுக்குது. அந்தக் கைதான் கேடரின் என்ற புரதக் குடும்பம். கால்சியம் இருந்தாத்தான் பிடி நிற்கும். ஜப்பான்காரர் மசாதோஷி தாகேய்ச்சி கண்டுபிடிச்சது. தோல்ல இந்தப் பிடி இன்னும் பலம். டெஸ்மோசோம்னு ரிவிட் அடிச்ச மாதிரி இருக்கும். அதுல இருக்கிற டெஸ்மோக்ளீன் 3 என்ற புரதத்தை எதிரின்னு நினைச்சு, அப்பத்தாவோட சொந்த எதிர்ப்பு சக்தியே தாக்கியிருக்கு.

செல் எதுவும் சாகலை, பிடியை மட்டும் விட்டுடுச்சு. எங்க பாஷையில சொன்னா, பங்குதாரர் எல்லாம் திடமா இருக்காங்க, கூட்டுத்தொழில் கலைஞ்சுபோச்சு.

ஏன் வாய்ல ஆரம்பிச்சது? தோலைத் தாங்க டெஸ்மோக்ளீன் 1 என்ற இன்னொரு கை இருக்கு. வாய்க்குள்ள பெரும்பாலும் 3 மட்டும்தான். அதான் வாய் முதல்ல பிரியுது. முதல் ஆளையும் தாக்கின பிறகுதான் தோல். இதைப் படிச்சப்போ அந்த மூணு மாசமும், நான் திட்டினதும் ஞாபகம் வந்துச்சு. தூக்கம் வரலை.

இன்னொண்ணும் படிச்சேன். இந்த வியாதியில அடித்தளத்து செல் வரிசை மட்டும் கீழே இருக்கிற சவ்வை விடாமப் பிடிச்சுக்கிட்டு நிற்குமாம். மைக்ராஸ்கோப்புல பார்த்தா கல்லறைக் கல் வரிசை மாதிரின்னு டாக்டருங்க சொல்வாங்க. தரையைப் பிடிக்கிற கை வேற, இன்டெக்ரின். அதைக் கண்டறிஞ்ச மூணு பேருக்கு 2022-ல லாஸ்கர் விருது கொடுத்திருக்காங்க.

தேடப்போன இடத்துல கிடைச்சது, வில்சன்னு ஒரு அமெரிக்கர் கதை. 1907-ல ஒரு கடற்பஞ்சைப் பிசைஞ்சு மெல்லிய பட்டுத்துணியில பிழிஞ்சு, தனித்தனி செல்லா தண்ணியில விட்டிருக்கார். அதுங்க ஊர்ந்து போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, மறுபடி பஞ்சாவே வளர்ந்திருக்கு! அதை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியலை. அறிவியல் ஆர்வமெல்லாம் இல்லை. ஒட்டிக்கும்னு யாராவது சொல்லணும்போல இருந்துச்சு, அவ்வளவுதான்.

சிகிச்சை, மாசத்துல மூணு நாள் ஸ்டீராய்டு ட்ரிப். நடுநாள்ல கூட இன்னொரு மருந்து. டெல்லியில பாஸ்ரிச்சா என்ற டாக்டர் 1980-கள்ல கொண்டுவந்த முறை. சர்க்கரை ஏறுச்சு, முகம் ஊதுச்சு. எட்டாவது தவணையில புதுக்கொப்புளம் நின்னுச்சு. இன்னும் நிறைய தவணை பாக்கி.

போன வாரம் நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டுச்சு. அம்மா முறைச்சாங்க. நான் நுனிவிரல்ல தொட்டு நாக்குல வெச்சேன்.

"எரியுதா அப்பத்தா?"

"லேசா"ன்னு சொல்லிட்டு மறுபடி நாக்கை நீட்டுச்சு.