பழைய கேட்ரிட்ஜுக்கு ஓர் இடம்



1977-இல் வந்த அட்டாரி 2600 வீடியோ கேம் பெட்டியின் நினைவகம் வெறும் 128 பைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும். இந்தப் பத்திகூட அதில் அடங்காது. முழுப் படத்தையும் சேமிக்க இடமில்லை. டிவியில் ஒவ்வொரு கோடாக விழ விழ, கூடவே ஓடி வரையும்படி புரோகிராம் எழுதினார்கள்.

2023-இல் அதையே '2600 பிளஸ்' என்று புதிதாக வடிவமைத்தார்கள். என் பேரனிடம் இருக்கிறது. வெளியே அதே மரத்தோற்றம். உள்ளே பழைய சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். இன்றைய டிவிக்கு எச்டிஎம்ஐ. விளையாட்டுகளை உள்ளேயே பதித்துக் கொடுத்திருந்தால் வேலை சுலபம். ஆனாலும் கேட்ரிட்ஜ் செருகும் இடத்தை விடாமல் வைத்தார்கள். அதனால் பரணில் கிடந்தவை பலவும் மறுபடி ஓடுகின்றன.

"நீங்க நடத்தின பேசிக் மொழி எங்கேயும் உதவலை சார்" என்று சென்ற வாரம் ஒரு மாணவி போனில் சிரித்தாள். மொழி போகட்டும்மா. கொஞ்ச இடத்துக்குள் கணக்கை அடக்கும் பழக்கத்தைத்தானே நடத்தினேன்? உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன்: அதைச் செருக உங்கள் வேலையில் இடம் வைத்திருக்கிறீர்களா? கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.