ஆடுகள் எழும்போது

பிங்க் ஃபிளாய்டின் ‘அனிமல்ஸ்’ 1977இல் வந்தது. பணம் ஆளும் இங்கிலாந்தின் மனுசங்களை நாய், பன்றி, ஆடுன்னு மூணா பிரிக்கும் இசைத்தட்டு. 17 நிமிடம் ஓடும் ‘டாக்ஸ்’ பாட்டில், கடித்துக் குதறி மேலே ஏறியவன் கடைசியில் தனியாக மூழ்குகிறான். டேவிட் கில்மோரின் கிட்டார் அவனுக்கும் சேர்த்து அழுகிறது.

என்னைப் பிடித்து உலுக்குவது ‘ஷீப்’தான். 1945இல் வந்த ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யில் ஆடுகள் பன்றிகளை எதிர்ப்பதே இல்லை, கோஷம் போடும், அவ்வளவுதான். ரோஜர் வாட்டர்ஸின் ஆடுகளோ 23ஆம் சங்கீதத்தையே புரட்டி எந்திரக் குரலில் ஓதுகின்றன. கராத்தே கத்துக்கிட்டு நாய்களை ஒழிக்கின்றன. உடனே, ஜெயித்தவர்களை வீட்டுக்குள் அடங்கச் சொல்கிறது ஒரு குரல்.

யார் குரல் அது? செத்தது நாய்கள்தானே, பன்றிகள் இருக்கே! கேட்கும்போதெல்லாம் ‘அடங்க மாட்டோம்’னு பதில் சொல்லத் தோணுது எனக்கு.